வழுவும் எழுத்துப்பிழையும்

பிழை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் இன்று தமிழாசிரியர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன ஒற்று மிகாமையும், ரகர றகர மயக்கமும், லகர ளகர ழகரத் தடுமாற்றமுமே ஆகும். கடைப் பலகையிலோ நாளிதழ்த் தலைப்பிலோ இவற்றுள் ஒன்று காணப்படின் கற்றோர்க்கு எழும் சினம் சிறிதன்று. 'சுவற்றில்', 'அருகாமை', 'முயற்சித்தான்' என்னும் வடிவங்களைக் கண்டால் மேற்கொண்டு படிக்க மனம் இசையாதாரும் உளர். இச்சினத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது பலர் எண்ணும் அளவுக்குப் பழமையுடையதன்று என்பதும், பழைய இலக்கண ஆசிரியர்கள் பிழை எனக் கருதியது பெரிதும் வேறொன்று என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

பழைய நூல்களில் வழங்கும் சொல் வழு என்பது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் வழுக்காத்தலையே பெரும்பணியாகக் கொண்டது. அப்பணியை வழுக்களைதல், வழுவமைத்தல் என இரண்டாகப் பகுத்து உரையாசிரியர்கள் விளக்குவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் யாத்த பவணந்தியார், திணை, பால், இடம், பொழுது, வினா, இறை, மரபு என வழுவின் இடங்கள் ஏழு என்றார். 'அவன் வந்தது' என்பது திணை வழு. 'அவன் வந்தாள்' என்பது பால் வழு. 'நேற்று வருவான்' என்பது கால வழு. யானையின் இளமையைக் கன்று என்னாது குட்டி என்பது மரபு வழு. இவ்வேழனுள் எழுத்துப் பற்றியது ஒன்றேனும் இல்லை என்பது ஊன்றி நோக்கற்பாலது. சொல்லும் சொல்லும் தம்முள் இயையாமையே வழு. எழுத்து மாறி நிற்பது அப்பெயர் பெறவில்லை.

எழுத்ததிகாரம் முழுதும் எழுத்தின் செம்மையைத்தானே கூறுகின்றது, அவ்விதியை மீறுவது வழு ஆகாதோ எனின், விதி உண்டு. மீறலுக்குக் குற்றப் பெயர் சூட்டிய இடம் அரிது. ஒரே சொல் இரு வடிவில் வழங்கக் கண்டபோது அவ்வாசிரியர்கள் அதனைப் போலி என்றும், மரூஉ என்றும் பெயரிட்டு நூலுள் இடந்தந்தனர். அறம் அறன் ஆயிற்று; பந்தல் பந்தர் ஆயிற்று; அமைச்சு அமச்சு ஆயிற்று. இக்காலத் தேர்வாளர் ஒருவர் அமச்சு என எழுதிய மாணவனை என் செய்வார் என்பது சொல்ல வேண்டுவதன்று. மரூஉவினைப் பவணந்தியார் இயல்பு வழக்கு மூன்றனுள் ஒன்றாகவே எண்ணினார் என்பதும் கருதத்தக்கது. சந்தி வழு என ஒன்றினைத் தண்டியலங்காரம் கூறுகின்றதே எனலாம். உண்மைதான். ஆனால் அது வடமொழி அணிநூலைத் தழுவி வந்த செய்யுட் குற்றங்களின் நிரலில் இடம் பெறுவது. உரைநடை எழுதுவானுக்குக் கூறியதன்று.

இனி, வழுவமைதி என்னும் கொள்கையே இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலை எனலாம். சரி என்றும் தவறு என்றும் இரு கூறாக்கி அமையாது, வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக்கியது தமிழிலக்கணத்தின் தனிச்சிறப்பு. அழைத்த குரலுக்கு, வீட்டினின்றும் இன்னும் புறப்படாதவன் 'இதோ வந்துவிட்டேன்' என்று விடையிறுக்கின்றான். காலம் பிறழ்ந்தது, ஆயினும் விரைவு என்னும் கருத்து அப்பிறழ்ச்சிக்குக் காரணமாய் நின்றமையின் அமைக்கப்பட்டது. காரணம் காட்ட இயலுமாயின் வழுவும் அமையும் என்பதே ஆண்டுள்ள முறை.

இம்முறை எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒருவரைப் பன்மையாற் கூறுதல் இன்று மரியாதையின் முதற்பாடம். 'ஆசிரியர் வந்தார்' என்னாது 'ஆசிரியன் வந்தான்' என்பான் பண்பறியாதவன் எனப்படுவான். தொல்காப்பியனாரோ, ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கிடத்து உயர்த்துக் கூறும் சொல்லே, இலக்கண நெறியாற் சென்றதன்று என்று வெளிப்படையாகவே குறித்தார். குறித்தாரேயன்றி விலக்கினாரல்லர். அவர் காலத்தில் உயர்வு கருதி அமைந்தது, பின்னர் அதன்றி வேறு கூறலாகாது என்னும் நிலையை எய்திற்று.

அதன் மேலும் ஒரு படி ஏறியது கள் ஈறு. தொல்காப்பியம் பெயரியலில் இவ்வீறு அஃறிணைப் பெயர்க்குப் பன்மை காட்டுவதாகவே கூறப்பட்டுள்ளது. மரம், மரங்கள் என்பது போல. உயர்திணைக்கு அரசர், மாந்தர் என ரகர ஈறே போதியதாக இருந்தது. திருக்குறளில் 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என ஈரிடத்து உயர்திணைப் பலர்பாலின் மேல் கள் ஏறக் காண்கின்றோம். ஆர் என்னும் பன்மை ஒருவர்க்கே உரிய உயர்வுச் சொல்லாய்த் தேய்ந்தபோது, பலரை உணர்த்தப் புதிய ஈறு வேண்டப்பட்டது. அவ்விடத்தைக் கள் நிரப்பிற்று. பவணந்தியார் பலர்பாற் பெயர்களை எண்ணுமிடத்துக் கள் ஈற்றனவற்றையும் உடன் சேர்த்துக்கொண்டார். விகுதி மேல் விகுதி என இதனைக் குறை கூறலாம். ஆயினும் இன்று ஒருவர் பெயரின் பின் 'அவர்கள்' என்று சேர்க்காது அழைப்பிதழ் அச்சிட எவர் துணிவர்? அஃறிணைக்கு உரியது, உயர்திணைப் பன்மைக்கு வந்து, ஈற்றில் உயர்ந்தோர் ஒருவர்க்கே உரிய சிறப்புச் சொல்லாக முடிந்தது.

மற்றொன்று உண்டு என்னும் சொல். உள் என்னும் அடியும் து என்னும் ஒன்றன்பால் ஈறும் சேர்ந்தமைந்த இச்சொல் தன் அமைப்பால் அஃறிணை ஒருமைக்கே உரியது. இருதிணைக்கும் பொதுவாகிய வினைகளைத் தொல்காப்பியனார் எட்டாக எண்ணினார். அவற்றுள் இன்மை உணர்த்தும் சொல் உளது. வேறு என்பது உளது. உண்டு என்பது இல்லை. நன்னூலிலோ வேறு, இல்லை, உண்டு என மூன்றும் ஐம்பால் மூவிடத்துக்கும் பொது என விதிக்கப்பட்டுள்ளன. இரு நூற்கும் இடைப்பட்ட காலத்தில் இச்சொல் தன் எல்லையைக் கடந்துவிட்டது. கடந்ததனைக் கண்ட ஆசிரியர் எல்லையைத் திருத்திக்கொண்டார். 'எனக்கு நண்பர்கள் பலர் உண்டு' என்று நாம் இன்று ஐயமின்றி எழுதுகின்றோம். தொல்காப்பிய நெறியில் நின்று நோக்கின் இத்தொடரில் கள் ஒரு வழு, உண்டு மற்றொரு வழு.

எழுத்தின் செய்தி இதனினும் வியப்புடையது. மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியனார்க்கும் பவணந்தியார்க்கும் உடன்பாடு. ஆயினும் ஏட்டில் எழுதினோர் பெரும்பாலும் புள்ளி இட்டாரல்லர். எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை துளைபடும் என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணம். கல்வெட்டுக்களிலும் புள்ளி அருகியே காணப்படுகின்றது. பண்டைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்களில் இரட்டித்த மெய்யை ஒற்றையாகவே பொறித்த இடங்கள் பல. ஏட்டிலோ ரகரமும் நெடிலைக் காட்டும் காலும் ஒரே வடிவின. ஒற்றைக் கொம்பு, தகரம், அதன்பின் ஒரு கால் போன்ற கோடு என மூன்று குறிகள் ஏட்டில் நின்றால், அதனைத் தேர் என்றும், தேர என்றும், தெர என்றும், தொ என்றும், தோ என்றும் படிக்க இடமுண்டு. எது சரி என்பதனை ஏடு காட்டாது. படிப்பவன் பொருளும் யாப்பும் நோக்கித் துணிதல் வேண்டும். இத்தகைய எழுத்து முறையில், பிழை என்பது எழுதுவான் மாட்டு நிற்பதினும் படிப்பான் மாட்டே மிகுதியும் நிற்கும். ஏட்டைத் தவறாகப் படித்தவனே நகைக்கு இலக்கானான்.

எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் வேறுபடுத்தி நிலைபெறச் செய்தவர் வீரமாமுனிவர் (1680–1747). பழைய முறையில் புள்ளி பெற்றது குறில், பெறாதது நெடில். அவரோ குறிலை வாளா விட்டு, நெடிலுக்குத் தனிக்குறி தந்தார். இன்று நாம் எழுதும் ஏ, ஓ என்பனவும், இரட்டைச் சுழிக் கொம்பும் அவ்வழி வந்தவை. எனவே நன்னூல் விதிப்படி நோக்கின், நம் அச்சு நூல்களில் உள்ள எகரம் ஒவ்வொன்றும் புள்ளியிழந்த பிழை. அவ்விதியை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவன், அதனை எழுதிக் காட்டும்போது அதே விதியை மீறியே எழுதுகின்றான். தேர்வாளரும் முழு மதிப்பெண் வழங்குகின்றார்! நம் காலத்துக்கு அண்மையிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. பெரியார் 1935 முதல் தம் இதழில் வழங்கிய சீர்திருத்த வடிவங்களுட் சிலவற்றைத் தமிழ்நாட்டரசு 1978-இல் ஏற்றுக்கொண்டபோது, ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலாகப் பதின்மூன்று எழுத்துக்கள் புதுவடிவம் பெற்றன. முன்னாண்டுப் பாடநூலிற் செம்மையாய் இருந்த வடிவம் ஓர் ஆணையால் பழவடிவம் ஆயிற்று.

எழுத்துப்பிழை என்னும் கருத்து இன்றுள்ள வன்மையைப் பெற்றது அச்சினாலும் தேர்வினாலும் என்பதே என் துணிபு. அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடைகள் 1835-இல் நீங்கிய பின்னர்த் தமிழறிஞர் தாமே நூல்களைப் பதிப்பிக்கலாயினர். ஆறுமுக நாவலர் (1822–1879) தம் வித்தியாநுபாலன யந்திரசாலையின் வாயிலாக வெளியிட்ட நூல்கள் பிழையின்மைக்கே பெயர் பெற்றன. உரைநடையில் சொற்களைப் பிரித்து, நிறுத்தக் குறிகளை இட்டு அச்சிடும் முறையும் அவரால் வலுப்பெற்றது. சி. வை. தாமோதரம் பிள்ளை 1881-இல் வீரசோழியத்தையும், உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தபோது, ஏட்டில் இல்லாத புள்ளிகளை இடும் பொறுப்புப் பதிப்பாசிரியர் மேலதாயிற்று. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிபு. ஏடு பல பொருள்களுக்கு இடந்தந்த இடத்தில் அச்சு ஒன்றனைத் தேர்ந்து நிறுத்தியது. நூலின் இறுதியில் பிழை என்றும் திருத்தம் என்றும் இரு பத்தியாக அச்சிடப்பட்ட தாளைக் கண்டோர், பிழை என்பது எழுத்தின்கண் நிகழ்வது என்றும், அதற்கு எதிரே ஒரே ஒரு திருத்தம் உண்டு என்றும் பழகிக்கொண்டனர். மூன்றாம் பத்தி அத்தாளில் இல்லை. வழுவமைதிக்கு அச்சகத்தில் இடமில்லாது போயிற்று.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர்த் தேர்வுமுறை இதனை உறுதிப்படுத்திற்று. 'பிழை திருத்துக' என்னும் வினாவுக்கு விடை ஒன்றேயாதல் வேண்டும். அமைதி கூறினால் மதிப்பெண் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அ. கி. பரந்தாமனார் போன்ற பேராசிரியர்கள் எழுதிய வழிகாட்டி நூல்கள் பெரும்பயன் விளைத்தன என்பதில் ஐயமில்லை. அவை இல்லாவிடின் நாளிதழ்த் தமிழ் இன்னும் சீர்கெட்டிருக்கும். ஆயினும், இத்தகைய நூல்களைக் கையேடாகக் கொண்டோர் விதியைக் கற்ற அளவு காரணத்தைக் கற்றாரல்லர். கணினியில் அமைக்கப்படும் பிழைதிருத்திகளும் அச்சுக்கூடத்தின் வழித்தோன்றல்களே. எழுத்தை எளிதிற் கண்டு கொள்ளும் அவை, பொருள் நோக்கித் துணிய வேண்டிய இடத்தில் இடர்ப்படுகின்றன.

இனி, கற்றோரைப் பெரிதும் வருத்தும் பிழைகள் சிலவற்றை எடுத்து, அவை மொழி வரலாற்றுக்கு என்ன சான்று பகர்கின்றன என்று காண்பாம்.

சுவர் என்பது ரகர ஈற்றுச் சொல். உருபேற்குங்கால் சுவரில், சுவரை என்றே வரும். கிணறு, வயிறு என்பன உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்கள். அவை றகரம் இரட்டித்துக் கிணற்றில், வயிற்றில் என்றாகும். பேச்சில் சுவர் உகரம் ஏற்றுச் சுவரு என ஒலிக்கின்றது. ரகரமும் றகரமும் செவிக்கு ஒன்றாகிவிட்ட பின்னர், சுவருவும் கிணறும் ஓரினம் எனத் தோன்றும். எனவே கிணற்றில் போலச் சுவற்றில் பிறந்தது. இது கல்லாமையால் நேர்ந்த தடுமாற்றம் எனத் தள்ளிவிடலாம். ஆனால் ரகர றகர வேறுபாடு செவியில் நிலவிய காலத்து இப்பிழை நிகழ்ந்திருத்தல் அரிது. வடிவம் பிழையாயினும் அது கூறும் சான்று மெய்.

ரகரத்தை இடையின றகரமென்றும், றகரத்தை வல்லின ரகரமென்றும் பள்ளியிற் கூறும் வழக்கு, இரண்டும் ஒரே ஒலியின் மென்மை வன்மைகள் என்னும் மயக்கத்தைத் தருகின்றது. தொல்காப்பியப் பிறப்பியல் அவற்றை அவ்வாறு இணைக்கவில்லை. றகரம் னகரத்தோடு சேர்த்துக் கூறப்பட்டது. நுனிநா அண்ணத்தைச் சென்று தாக்கப் பிறப்பது. ரகரம் ழகரத்தோடு சேர்த்துக் கூறப்பட்டது. நுனிநா அண்ணத்தைத் தடவப் பிறப்பது. அஃதாவது றகரம் அன்று ஒரு வெடிப்பொலி. இவ்வொலியின் எச்சத்தை ஈழத்தமிழில் இன்றும் காணலாம். தமிழ்நாட்டார் மீட்டர், சிகரெட் என எழுதுமிடத்து ஈழத்தார் மீற்றர், சிகரெற் என எழுதுவர். கனடா நாட்டு நகரை ரொறன்ரோ எனக் குறிப்பதும் அவ்வழக்கே. சென்னையில் இருந்து படிப்பார்க்கு இஃது எழுத்துப்பிழையாகத் தோன்றும். யாழ்ப்பாணத்தார்க்கோ டகரம் இட்டு எழுதுவதே ஒலிக்கு மாறானது. வருந்துவோர் இருமருங்கும் உளர். தொல்காப்பியப் பிறப்பியல் ஈழத்தார் பக்கம் நிற்கின்றது.

ஒற்று மிகுதலுக்கு வருவோம். 'அவனைப் பார்த்தேன்', 'வீட்டுக்குப் போனான்', 'அந்தப் பையன்', 'படிக்கச் சென்றான்' ஆகியவற்றில் மிக்க ஒற்றினை இன்றும் செவி கேட்கின்றது. ஆண்டுகள் பல விடைத்தாள் திருத்திய எம் போன்றோர் கண்ட அளவில், இவ்விடங்களிற் பிழை குறைவு. 'தமிழ் சங்கம்', 'பொருளாதார கொள்கை' என்பன போன்ற தொகைகளிலேயே பிழை மிகுதி. புதிய தொகைகள் பலவும் பேச்சிற் பிறவாது தாளிற் பிறந்தவை. அவற்றைச் செவி முன்னர்க் கேட்டதில்லை. மேலும், ஏட்டில் இடைவெளியின்றித் தொடர்ந்த எழுத்தின் நடுவே நின்று சொல்லைப் பிணித்த ஒற்று, அச்சில் இடைவெளிக்கு முன்னே பிணிப்பின்றித் தனித்து நிற்கின்றது. அதன் தொழில் புலப்படாதபோது எழுதுவோன் அதனை விடுகின்றான். அல்லது வேண்டா இடத்தும் இட்டு 'என்றுச் சொன்னான்', 'வந்துப் போனான்' என எழுதுகின்றான். பின்னது அச்சத்தால் விளைந்த பிழை. கண்டிப்பு மிகுந்த இடத்தில் இதுவும் மிகுதல் இயல்பே.

இதனாலெல்லாம் ஒற்றினைக் கைவிடலாம் என்பது எம் கருத்தன்று. 'வேலை கொடுத்தான்' என்பதில் பணி தரப்படுகின்றது. 'வேலைக் கொடுத்தான்' என்பதில் படைக்கலம் தரப்படுகின்றது. 'தந்த பலகை' கொடுக்கப்பட்டது; 'தந்தப் பலகை' யானைக் கொம்பாற் செய்தது. இத்தகைய இடங்களில் ஒற்றினை விடுத்தல் பொருளையே கெடுத்தலின் எவ்வாற்றானும் அமைக்கத்தக்கதன்று. லகர ளகர ழகரங்களும் அன்னவே; தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாயிற்று என்பதனால், வாழை மரத்தையும் வாளையும் எழுத்தில் ஒன்றாக்க ஒருவரும் உடன்படார். பொருள் வேறுபாடு பற்றிய எழுத்தைக் காத்தலும், பொருட்கேடு விளைக்காத இடத்துக் காரணம் நோக்கி அமைத்தலும் பழைய ஆசிரியர் நெறிக்கு ஒத்தன.

அந்நெறியால் இன்று முடிபு காண வேண்டிய சொல் ஒன்று உளது. 'அவன் அல்லன்', 'அவள் அல்லள்', 'அவர் அல்லர்', 'அஃது அன்று', 'அவை அல்ல' என்பன விதி. தன்மையிலும் முன்னிலையிலும் 'யான் அல்லேன்', 'நீ அல்லை' என வரும். வழக்கிலோ அல்ல என்னும் ஒரு சொல்லே ஐம்பாற்கும் மூவிடத்துக்கும் பரந்துவிட்டது. இதற்குக் காரணங் கூறலும் இயலும். அன்று என்பது 'அந்நாளில்' என்னும் பொருளும் உடையதாகலின், எழுத்தில் 'அது அன்று' எனக் கண்டவழிப் படிப்பவன் ஒரு நொடி தயங்குகின்றான். எதிர்மறையில் அல்ல இத்தயக்கத்தை நீக்குகின்றது. இல்லை என்பது பண்டே பொதுவினையாய் அமைந்து, இவ்வொப்புமைக்கு வழிகாட்டியும் நின்றது. உண்டு என்பதற்கு நன்னூலில் இடங்கிடைத்தமைக்கு என்ன காரணம் இருந்ததோ, அதனினும் குறையாத காரணம் இதற்கு உண்டு.

ஆராய்ச்சியுரை எழுதும் மாணவர்க்கு அல்லன், அல்லள், அன்று என்னும் வேறுபாட்டைக் கற்பித்தல் கடனே. பழைய நூல்களைப் படித்தற்கு அஃது இன்றியமையாதது. ஆனால் 'அது அல்ல' என்று எழுதினானைப் பிழைசெய்தான் எனச் சிவப்பு மையாற் கோடிடும்போது, அக்கோட்டின் அருகே வழு என்று எழுதுவதா, வழுவமைதி என்று எழுதுவதா என்பதனைத் தமிழ்த்துறைகள் கூடி ஒரு முடிபு செய்தல் வேண்டும். எம் வாக்கு இரண்டாவதற்கு.